உணவுக்குழாய்ப் புற்றுநோய்: நோய்நிலையைக் கணிக்க உதவும் எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் பரிசோதனை

உணவுக்குழாயில் புற்றுநோய் இருப்பது எண்டோஸ்கோபியாலும் திசுப் பரிசோதனையாலும் உறுதியான பின்னர், நோயாளியும் குடும்பத்தினரும் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "எப்போது அறுவை சிகிச்சை?" அதற்கு விடையளிக்கும் முன் மருத்துவர் வேறொரு கேள்விக்கு விடை தேட வேண்டியுள்ளது. கட்டி உணவுக்குழாயின் சுவருக்குள் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது? அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளை அது எட்டியுள்ளதா? இவ்விரண்டையும் பொறுத்தே அறுவை சிகிச்சை தேவையா, தேவையெனில் எப்போது, அதற்கு முன் வேறு சிகிச்சை வேண்டுமா என்பவை முடிவாகின்றன.

இந்த விவரங்களை அருகிலிருந்து பார்த்தறிய உதவுவது எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் பரிசோதனை ஆகும். மருத்துவமனைகளில் இதனை இ.யு.எஸ். என்று சுருக்கமாகக் குறிப்பிடுவர். இப்பரிசோதனை எதற்காகச் செய்யப்படுகிறது, அதன் முடிவு சிகிச்சையை எவ்வாறு மாற்றுகிறது, எதனை அதனால் கண்டறிய இயலாது, நீங்கள் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

உணவுக்குழாயின் சுவர்

உணவுக்குழாய் தொண்டையிலிருந்து இரைப்பை வரை செல்லும் தசைக்குழாய். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 25 செ.மீ. நீளம் இருக்கும். இதன் சுவர் சில மில்லிமீட்டர் தடிமனே உடையது எனினும், அதில் பல அடுக்குகள் உள்ளன. உள்ளிருந்து வெளியே அவை பின்வருமாறு அமைந்துள்ளன:

- சளிச்சவ்வு: உணவு உரசிச் செல்லும் உட்பரப்பு. புற்றுநோய் தொடங்குவது இங்கேதான்.
- சளிச்சவ்வின் கீழடுக்கு: இரத்தக்குழாய்களும் நிணநீர்க்குழாய்களும் நிறைந்த பகுதி.
- தசையடுக்கு: சுருங்கி விரிந்து உணவைக் கீழே தள்ளுவது.
- வெளியுறை: குழாயைச் சுற்றியுள்ள தளர்வான இணைப்புத் திசு.

இந்த அமைப்பில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. முதலாவது, குடலின் பெரும்பகுதியை மூடியுள்ள வழுவழுப்பான வெளிச்சவ்வு உணவுக்குழாய்க்கு இல்லை. எனவே கட்டி தசையடுக்கைத் தாண்டினால், அருகிலுள்ள மூச்சுக்குழாய், பெருந்தமனி, இதய உறை ஆகியவற்றை நோக்கிப் பரவுவதைத் தடுக்கும் அரண் ஏதுமில்லை. இரண்டாவது, இங்குள்ள நிணநீர்க்குழாய்கள் நீளவாட்டில் மேலும் கீழும் ஓடுகின்றன. அதனால் நெஞ்சின் நடுவே உள்ள கட்டியிலிருந்து கழுத்திலோ மேல்வயிற்றிலோ உள்ள நிணநீர் முடிச்சுக்கு நோய் செல்லக்கூடும். கட்டி ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு, அதாவது ஓரிரு மில்லிமீட்டர் நகர்வதுகூடச் சிகிச்சையை மாற்றிவிடுவது இதனாலேயே.

நோய்நிலை கணித்தல் என்றால் என்ன?

புற்றுநோய் எந்த அளவுக்குப் பரவியுள்ளது என்பதை வரையறுப்பதே நோய்நிலை கணித்தல். உலகெங்கும் மருத்துவர்கள் இதற்கு டி.என்.எம். என்னும் முறையைப் பின்பற்றுகின்றனர்.

டி என்பது கட்டியின் ஆழத்தைக் குறிக்கும்:

- டி1ஏ: கட்டி சளிச்சவ்வுக்குள் மட்டும் உள்ளது.
- டி1பி: சளிச்சவ்வின் கீழடுக்கை எட்டியுள்ளது.
- டி2: தசையடுக்குக்குள் நுழைந்துள்ளது.
- டி3: தசையைக் கடந்து வெளியுறையை எட்டியுள்ளது.
- டி4ஏ: நுரையீரல் உறை, இதய உறை, உதரவிதானம் போன்ற, அறுவை சிகிச்சையில் சேர்த்து அகற்ற இயலும் பகுதிகளைத் தொற்றியுள்ளது.
- டி4பி: பெருந்தமனி, மூச்சுக்குழாய், முதுகெலும்பு போன்ற, அகற்ற இயலாத உறுப்புகளுக்குள் ஊடுருவியுள்ளது.

என் என்பது கட்டியைச் சார்ந்த பகுதிகளில் உள்ள நிணநீர் முடிச்சுகளைக் குறிக்கும். எந்த முடிச்சிலும் நோய் இல்லையெனில் என்0. 1 அல்லது 2 முடிச்சுகளில் இருந்தால் என்1. 3 முதல் 6 வரை என்றால் என்2. 7 அல்லது அதற்கு மேல் என்றால் என்3.

எம் என்பது கல்லீரல், நுரையீரல், எலும்பு போன்ற தொலைவிலுள்ள உறுப்புகளுக்கு நோய் பரவியுள்ளதா என்பதைக் குறிக்கும். பரவவில்லையெனில் எம்0, பரவியிருந்தால் எம்1.

இம்மூன்றுடன் புற்றுநோயின் வகையும் கணக்கில் கொள்ளப்படுகிறது. உணவுக்குழாய்ப் புற்றுநோயில் செதிள் செல் புற்றுநோய், சுரப்பித் திசுப் புற்றுநோய் என இரு முக்கிய வகைகள் உண்டு. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது செதிள் செல் வகை. புகையிலையும் மதுவும் இதற்கான முதன்மைக் காரணிகள். நீண்டகாலம் இரைப்பை அமிலம் மேலேறி வருவதால் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் உண்டாகும் மாற்றங்கள் சுரப்பித் திசு வகைக்கு வழிவகுக்கின்றன.

இ.யு.எஸ். எவ்வாறு செயல்படுகிறது?

வழக்கமான எண்டோஸ்கோபியில் கேமரா பொருத்திய குழாய் வாய் வழியாகச் செலுத்தப்படுகிறது. அது உட்பரப்பை மட்டுமே காட்டும். ஒரு சுவரின் பூச்சைப் பார்த்து அதனுள் விரிசல் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்று சொல்ல முடியாதல்லவா? இதுவும் அத்தகையதே.

இ.யு.எஸ். கருவியின் முனையில் கேமராவுடன் சிறியதோர் அல்ட்ராசவுண்ட் கருவியும் இணைக்கப்பட்டிருக்கும். கருவுற்ற பெண்களுக்குச் செய்யப்படும் ஸ்கேனில் பயன்படும் அதே ஒலியலைகளே இங்கும் பயன்படுகின்றன. இதில் கதிர்வீச்சு இல்லை. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும்போது ஒலியலை தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றையும் கடந்து செல்ல வேண்டும். நெஞ்சுப்பகுதியிலோ நுரையீரலில் உள்ள காற்றும் விலா எலும்புகளும் ஒலியலையைத் தடுத்துவிடும். உணவுக்குழாய்க்குள்ளேயே கருவியைக் கொண்டு செல்லும்போது இத்தடைகள் நீங்குகின்றன. தொலைவு குறைவாக இருப்பதால் அதிர்வெண் மிகுந்த ஒலியலைகளைப் பயன்படுத்த முடிகிறது. அவ்வலைகள் ஆழமாகச் செல்லாவிடினும் அருகிலுள்ளவற்றை மிக நுணுக்கமாகக் காட்டும்.

இவ்வாறு பார்க்கும்போது ஆரோக்கியமான உணவுக்குழாயின் சுவர், வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி அமைந்த ஐந்து பட்டைகளாகத் திரையில் தெரியும். கட்டி இருக்குமிடத்தில் இப்பட்டைகள் கலைந்து கருநிறமாகக் காணப்படும். எந்தப் பட்டை வரை கலைந்துள்ளது என்பதே கட்டியின் ஆழத்தைச் சொல்லும்.

கருவிகளில் இரு வகைகள் உண்டு. ஒன்று தன்னைச் சுற்றிலும் வட்டமாகப் படம் காட்டுவது. சுவரையும் சுற்றியுள்ள முடிச்சுகளையும் ஒருசேரப் பார்க்க இது உதவும். மற்றது நீளவாட்டில் படம் காட்டுவது; ஊசி செலுத்தும் பாதையைத் தொடர்ந்து பார்க்க முடிவதால் திசு மாதிரி எடுக்க இதுவே ஏற்றது. சிறிய, மேலோட்டமான கட்டிகளுக்கு மெல்லிய நுண்கருவியையும் பயன்படுத்துவது உண்டு.

சி.டி. ஸ்கேன் எடுத்த பின்னரும் இது ஏன்?

இது நியாயமான கேள்வி. ஒவ்வொரு பரிசோதனையும் ஒவ்வொரு கேள்விக்கு விடையளிக்கிறது.

- எண்டோஸ்கோபியும் திசுப் பரிசோதனையும்: இது புற்றுநோயா, எந்த வகை, எந்த இடத்தில் உள்ளது?
- நெஞ்சு மற்றும் வயிற்றின் சி.டி. ஸ்கேன்: கல்லீரல், நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குப் பரவியுள்ளதா? பெரிய உறுப்புகளோடு ஒட்டியுள்ளதா?
- பெட்-சி.டி. ஸ்கேன்: உடலில் வேறெங்கேனும் மறைந்துள்ள பரவல் உண்டா?
- இ.யு.எஸ்.: சுவரின் எந்த அடுக்கு வரை கட்டி சென்றுள்ளது? அருகிலுள்ள முடிச்சுகளில் ஐயத்திற்குரியவை எவை?

சி.டி. ஸ்கேனில் உணவுக்குழாயின் சுவர் தடித்திருப்பது தெரியும். ஆனால் அதன் அடுக்குகள் தனித்தனியே தெரிவதில்லை. எனவே டி1, டி2, டி3 நிலைகளை வேறுபடுத்த இ.யு.எஸ். மேலானது. அதேபோல் இ.யு.எஸ். கருவியால் தொலைவிலுள்ள நுரையீரலையோ எலும்பையோ காண இயலாது. ஆகவே முதலில் சி.டி. அல்லது பெட்-சி.டி. எடுத்து, நோய் தொலைவில் பரவவில்லை என்று தெரிந்த பின்னரே இ.யு.எஸ். செய்வது வழக்கம்.

கட்டி மூச்சுக்குழாய்க்கு அருகில் மேற்பகுதியில் இருந்தால் மூச்சுக்குழாயினுள்ளும் உள்நோக்கிக் கருவியால் பார்ப்பர். இரைப்பையோடு சேருமிடத்தில் இருந்தால் லேப்ராஸ்கோபி மூலம் வயிற்றறையைப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

யாருக்கு இப்பரிசோதனை தேவைப்படாது?

கல்லீரல் அல்லது நுரையீரலுக்கு நோய் பரவியிருப்பது ஏற்கெனவே உறுதியாகியிருந்தால், சுவரின் ஆழத்தை அறிவதால் சிகிச்சை மாறப்போவதில்லை. அந்நிலையில் இப்பரிசோதனை பெரும்பாலும் தவிர்க்கப்படும். உணவுக்குழாய் மிகவும் சுருங்கி, கருவி நுழைய இயலாத நிலையிலும் அவ்வாறே. "எங்களுக்கு மட்டும் ஏன் இதைச் செய்யவில்லை?" என்று கவலைப்பட வேண்டாம். முடிவை மாற்றாத ஒரு பரிசோதனையைத் தவிர்ப்பதும் நல்ல மருத்துவமே.

ஊசி மூலம் மாதிரி எடுத்தல்

உருண்டையாக, தெளிவான விளிம்புடன், கருநிறமாக, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ள முடிச்சுகள் ஐயத்திற்குரியவை. எனினும் தோற்றத்தை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. காசநோய் போன்ற தொற்றுகளாலும் நெஞ்சுப்பகுதியில் நிணநீர் முடிச்சுகள் வீங்கும். நம் நாட்டில் காசநோய் பரவலாக இருப்பதால் இதனை நினைவில் கொள்வது அவசியம். வீங்கிய ஒவ்வொரு முடிச்சும் புற்றுநோய் அன்று.

ஐயத்தைத் தீர்க்க, இ.யு.எஸ். படத்தைப் பார்த்தபடியே மெல்லிய ஊசியைச் செலுத்தி முடிச்சிலிருந்து மாதிரி எடுக்கலாம். ஊசி கட்டியின் ஊடாகச் சென்றால் கட்டியின் செல்கள் ஒட்டிக்கொண்டு தவறான முடிவைத் தரக்கூடும். எனவே கட்டி இல்லாத சுவரின் வழியே எட்டக்கூடிய முடிச்சுகளில் மட்டுமே இவ்வாறு எடுப்பர். மாதிரி எடுக்கவில்லை என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இரைப்பையை ஒட்டிய முடிச்சுகள், கல்லீரலின் இடது பகுதி, இடப்புற அட்ரீனல் சுரப்பி ஆகியவற்றையும் இக்கருவியால் காண முடியும். தேவைப்பட்டால் அங்கிருந்தும் மாதிரி எடுக்கலாம்.

முடிவு சிகிச்சையை எவ்வாறு மாற்றுகிறது?

*கட்டி சளிச்சவ்வுக்குள் மட்டும் இருந்தால்:* நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. எண்டோஸ்கோபி வழியாகவே கட்டியைச் சீவி அகற்றிவிட இயலும். நெஞ்சைத் திறக்கவோ உணவுக்குழாயை நீக்கவோ தேவையில்லாமல் போகலாம். அகற்றிய திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, ஆழத்தை மீண்டும் உறுதி செய்வர்.

*கீழடுக்கை எட்டியிருந்தால்:* நிணநீர்க்குழாய்கள் நிறைந்த பகுதி என்பதால் முடிச்சுகளுக்குப் பரவும் வாய்ப்பு கூடுகிறது. பெரும்பாலும் உணவுக்குழாயை அகற்றும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படும். சிலருக்கு மட்டும் எண்டோஸ்கோபி சிகிச்சை போதுமானதாக இருக்கலாம்.

*தசையைக் கடந்திருந்தால் அல்லது முடிச்சுகளில் நோய் இருந்தால்:* நேராக அறுவை சிகிச்சைக்குச் செல்வதைவிட, முதலில் கீமோதெரபியும் கதிர்வீச்சும் சேர்த்தோ, கீமோதெரபி மட்டுமோ அளித்துக் கட்டியைச் சுருக்கி, சில வாரங்கள் இடைவெளி விட்டு அறுவை செய்வது நல்ல பலன் தருகிறது. நெதர்லாந்து மருத்துவர்கள் நடத்தி 2012இல் வெளியிட்ட ‘கிராஸ்’ ஆய்வு இதில் திருப்புமுனையாக அமைந்தது. அதில் ஒரு பிரிவினருக்கு 5 வாரங்கள் கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் மருந்துகளும் கதிர்வீச்சும் அளித்த பின் அறுவை செய்யப்பட்டது. மறுபிரிவினருக்கு நேரடியாக அறுவை செய்யப்பட்டது. இடைநிலை வாழ்நாள் முதற்பிரிவில் 49.4 மாதங்கள், மறுபிரிவில் 24 மாதங்கள். முன்சிகிச்சை பெற்று அறுவை செய்துகொண்டோரில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினருக்கு, அகற்றிய உறுப்பில் புற்றுநோய்ச் செல்களே காணப்படவில்லை. "அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்களே" என்று பல குடும்பத்தினர் அஞ்சுகின்றனர். இது தாமதமன்று, சிகிச்சை அன்றே தொடங்கிவிடுகிறது என்பதே உண்மை.

*அகற்ற இயலாத உறுப்புகளை ஊடுருவியிருந்தால்:* அறுவையைத் தவிர்த்து, கீமோதெரபியும் கதிர்வீச்சும் முதன்மைச் சிகிச்சையாக அளிக்கப்படும். கழுத்துப் பகுதியில் உள்ள கட்டிகளுக்கும், பெரிய அறுவையைத் தாங்கும் உடல்நிலை இல்லாதோருக்கும் இம்முறையே பெரும்பாலும் ஏற்றது.

*தொலைவில் பரவியிருந்தால்:* நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துகளோடு, விழுங்குவதை எளிதாக்கும் ஸ்டென்ட், கதிர்வீச்சு, வலி நிவாரணம் ஆகியவை அளிக்கப்படும். இதுவும் சிகிச்சையே, கைவிடுதல் அன்று.

இப்பரிசோதனையின் வரம்புகள்

எந்தப் பரிசோதனையும் குறையற்றது அன்று. பின்வருவனவற்றை அறிந்திருந்தால், பின்னர் முடிவு மாறும்போது குழப்பம் நேராது.

- மிகத் தொடக்கநிலைக் கட்டியில், சளிச்சவ்வுக்கும் அதன் கீழடுக்குக்கும் இடையிலான வேறுபாட்டை இ.யு.எஸ். சில வேளைகளில் சரியாகக் காட்டாது. அங்கே கட்டியை எண்டோஸ்கோபி வழி அகற்றி ஆராய்வதே உறுதியான வழி.
- டி2 நிலையைக் கணிப்பதில் பிழை நேர வாய்ப்புண்டு. கட்டியைச் சுற்றியுள்ள அழற்சி, உண்மையைவிட ஆழமாகக் காட்டலாம். நுண்ணிய பரவல் கண்ணுக்குத் தப்பவும் கூடும்.
- இ.யு.எஸ். கருவி வழக்கமான எண்டோஸ்கோப்பைவிடச் சற்றுத் தடிமனானது. குழாய் மிகவும் சுருங்கியிருந்தால் கட்டியைத் தாண்டிச் செல்ல இயலாது. வலிந்து விரிவுபடுத்தினால் சுவர் கிழியும் அபாயம் உண்டு. கருவி நுழையாத அளவு சுருக்கம் இருப்பதே, கட்டி பெரும்பாலும் டி3 அல்லது அதற்கு மேற்பட்ட நிலையில் இருப்பதற்கான அறிகுறி. எனவே பரிசோதனையைப் பாதியில் நிறுத்துவது தோல்வி அன்று.
- கதிர்வீச்சுக்கும் கீமோதெரபிக்கும் பின்னர், எஞ்சிய கட்டியையும் சிகிச்சையால் உண்டான தழும்பையும் வேறுபடுத்துவது கடினம். ஆகவே சிகிச்சைக்குப் பிந்தைய மதிப்பீட்டுக்கு இதனை மட்டும் நம்புவதில்லை.
- படத்தை உணர்ந்து பொருள் கொள்வது மருத்துவரின் அனுபவத்தைப் பொறுத்தது.

பரிசோதனைக்கு முன்

உணவு: பரிசோதனைக்கு முன் பொதுவாக 6 மணி நேரம் திட உணவு உண்ணக்கூடாது. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு அடைப்பின் மேலே உணவு தேங்கி நிற்கக்கூடும். மயக்க நிலையில் அது மூச்சுக்குழாய்க்குள் சென்றால் ஆபத்து. எனவே முந்தைய நாள் முழுவதும் நீர்ம உணவு மட்டும் உண்ணுமாறு உங்களிடம் சொல்லப்படலாம். பால், கஞ்சி, கூழ் ஆகியவை தெளிநீர் வகையில் சேரா. "ஒரு மிடறு பால்தானே" என்று எண்ணிக் கொடுத்துவிட வேண்டாம். தண்ணீரை எதுவரை அருந்தலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டியவை:

- இரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மாத்திரைகள். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றைச் சில நாட்களுக்கு முன் நிறுத்த வேண்டியிருக்கலாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், வால்வு மாற்றியவர்கள் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். இதய மருத்துவரின் ஆலோசனைப்படி மட்டுமே நிறுத்துங்கள்.
- நீரிழிவுக்கான மாத்திரை அல்லது இன்சுலின். வெறும் வயிற்றில் வழக்கமான அளவை எடுத்தால் சர்க்கரை அளவு மிகவும் குறைந்துவிடக்கூடும். அன்றைய அளவைக் கேட்டறியுங்கள்.
- ஆஸ்துமா, இதய நோய், உறக்கத்தில் மூச்சுத்திணறல், முன்பு மயக்க மருந்தால் ஏற்பட்ட பிரச்சினை, மருந்து ஒவ்வாமை.
- ஆடும் பல், பொய்ப்பல் செட்.
- கர்ப்பம்.

முந்தைய எண்டோஸ்கோபி, திசுப் பரிசோதனை அறிக்கைகள், சி.டி. ஸ்கேன் படங்கள் அனைத்தையும் உடன் கொண்டு செல்லுங்கள். உங்களை வீட்டுக்கு அழைத்துச் செல்லப் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

பரிசோதனையின்போது

உங்கள் தொண்டையில் மரத்துப்போகும் மருந்து தெளிக்கப்படும். கையில் ஊசி வழியாக உறக்க மருந்து செலுத்தப்படும். இடப்பக்கமாகப் படுக்கவைத்து, பற்களுக்கிடையே பாதுகாப்பு வளையம் பொருத்தி, கருவியை மெதுவாக உள்ளே செலுத்துவர். நாடித்துடிப்பும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவும் தொடர்ந்து கண்காணிக்கப்படும். பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசி மாதிரி எடுத்தால் சற்று நேரம் கூடும். கருவி மூச்சுப்பாதையில் செல்வதில்லை. எனவே மூச்சு அடைபடாது. பெரும்பாலோருக்குப் பரிசோதனை நடந்ததே நினைவில் இருப்பதில்லை.

பரிசோதனைக்குப் பின்

ஓரிரு மணி நேரம் கண்காணிப்பில் இருப்பீர்கள். தொண்டை மரப்பு நீங்கிய பின்னரே தண்ணீர் அருந்த வேண்டும், இல்லையேல் புரையேறும். தொண்டை எரிச்சலும் வயிற்று உப்புசமும் ஓரிரு நாட்களில் மறையும். அடுத்த 24 மணி நேரத்துக்கு வாகனம் ஓட்டுதல், இயந்திரங்களை இயக்குதல், பத்திரங்களில் கையொப்பமிடுதல் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

கடுமையான பாதிப்புகள் அரிதானவை. எனினும் சுவர் கிழிதல், இரத்தக்கசிவு, தொற்று, உணவுத்துகள் நுரையீரலுக்குள் செல்லுதல் ஆகியவை நேரக்கூடும். கீழ்க்கண்டவற்றுள் எது தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்கு வாருங்கள்:

- கடுமையான நெஞ்சு வலி, முதுகு வலி அல்லது வயிற்று வலி
- மூச்சுத்திணறல்
- கழுத்து வீங்குதல். அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென உணர்தல்
- குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல்
- இரத்த வாந்தி அல்லது தார் போன்ற கறுப்பு மலம்
- முன்பு இயன்ற அளவுக்குக்கூட விழுங்க இயலாமை

அறிக்கையைப் புரிந்துகொள்ளுதல்

அறிக்கையில் ‘யு.டி3 என்1’ என்பது போன்ற குறியீட்டைக் காணலாம். முன்னால் உள்ள ‘யு’ என்னும் எழுத்து, அல்ட்ராசவுண்ட் மூலம் கணித்தது என்பதைக் குறிக்கிறது. அறுவைக்குப் பின் நோய்க்குறியியல் நிபுணர் தரும் அறிக்கையில் ‘பி’ என்னும் எழுத்து முன்னால் வரும். இரண்டும் சில வேளைகளில் வேறுபடும். அதனால் யாரோ தவறு செய்துவிட்டனர் என்று கருத வேண்டியதில்லை. ‘டி3’ என்றால் ‘மூன்றாம் கட்டப் புற்றுநோய்’ என்று பொருளன்று. டி, என், எம் மூன்றையும், புற்றுநோயின் வகையையும் சேர்த்தே ஒட்டுமொத்தக் கட்டம் கணிக்கப்படுகிறது. ஊசி மாதிரியின் முடிவு வரச் சில நாட்கள் ஆகும்.

மருத்துவரிடம் நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள்:

- கட்டி எந்த அடுக்கு வரை சென்றுள்ளது?
- முடிச்சுகளில் நோய் உள்ளதா? மாதிரி எடுக்கப்பட்டதா?
- கருவி கட்டியைத் தாண்டிச் சென்றதா?
- இம்முடிவால் சிகிச்சைத் திட்டம் மாறுகிறதா?
- அறுவை, புற்றுநோய் மருந்து, கதிர்வீச்சு மருத்துவர்கள் கூடி என் நோயைப் பற்றிக் கலந்துபேசினார்களா?

உடனிருந்து கவனிப்பவர்களுக்கு

*உணவே முதல் மருந்து.* பரிசோதனைகள் நடைபெறும் வாரங்களில் நோயாளி எடை இழப்பது பெருங்கவலை. எடை குறைந்தவர்களால் அறுவையையும் கீமோதெரபியையும் தாங்குவது கடினம். விழுங்க முடிந்த அளவில் குழைந்த சோறு, பருப்பு மசியல், முட்டை, பால், தயிர், சத்துமாவுக் கஞ்சி ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பல வேளைகளில் கொடுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். நீர்ம உணவும் இறங்கவில்லையெனில் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவரை அணுகுங்கள். குழாய் வழி உணவு அளிக்க இயலும்.

*புகையிலையும் மதுவும் இன்றே நிறுத்தப்பட வேண்டும்.* "இனி நிறுத்தி என்ன பயன்?" என்று சிலர் கேட்பர். பயன் உண்டு. நிறுத்தியவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய நுரையீரல் பாதிப்புகள் குறைகின்றன. காயமும் நன்கு ஆறுகிறது.

*நோயாளியிடம் மறைக்க வேண்டாம்.* "அப்பாவிடம் வெறும் புண் என்றுதான் சொல்லியிருக்கிறோம், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்" என்று பிள்ளைகள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அடிக்கடி நிகழ்வதே. அதன் பின்னால் உள்ள அன்பு புரிகிறது. ஆனால் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் ஒப்புதல் அளிக்க வேண்டியவர் நோயாளியே. உணவுக்குழாயை அகற்றுவதா, கதிர்வீச்சோடு நிறுத்துவதா என்பது அவருடைய உடலையும் எஞ்சிய வாழ்நாளையும் பற்றிய முடிவு. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே முதலில் கேளுங்கள். எப்படிச் சொல்வது என்று தயங்கினால் மருத்துவரின் உதவியை நாடுங்கள். பலர் தாமாகவே ஊகித்திருப்பர். பேச ஆளின்றித் தனித்திருப்பதே அவர்களுக்குப் பெருந்துயர்.

எங்கு அணுகுவது?

இப்பரிசோதனைக்குச் சிறப்புக் கருவியும் பயிற்சியும் தேவைப்படுவதால் எல்லா மருத்துவமனைகளிலும் இவ்வசதி இருப்பதில்லை. உங்கள் பகுதி அரசு மருத்துவமனையிலிருந்து, இரைப்பை குடல் மருத்துவப் பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கப்படுவீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் தகுதி பெறுகின்றன. குடும்ப அட்டை, ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றுடன் மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவை அணுகி, எந்தெந்தப் பரிசோதனைகளும் சிகிச்சைகளும் அடங்கும் என்பதை முன்னரே கேட்டறியுங்கள். பொதுவான ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

நினைவில் கொள்ள

- இ.யு.எஸ். கட்டியின் ஆழத்தையும் அருகிலுள்ள முடிச்சுகளையும் காட்டுகிறது; பிற ஸ்கேன்களுக்கு மாற்றாகாது.
- அதன் முடிவு எண்டோஸ்கோபி சிகிச்சையா, அறுவையா, முன்சிகிச்சைக்குப் பின் அறுவையா என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது.
- மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாதீர்கள்; உணவு விலக்கை மீறாதீர்கள்.
- விழுங்கும்போது உணவு தடைபடுதல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை யாருக்குத் தோன்றினாலும் நாட்களைக் கடத்தாமல் எண்டோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். கட்டி முதல் அடுக்கில் இருக்கும்போதே கண்டறியப்படுவதுதான் எல்லாச் சிகிச்சைகளிலும் மேலானது.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான விளக்கங்களே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற முடிவை உங்கள் மருத்துவருடன் கலந்து மேற்கொள்ளுங்கள்.